ஊர்க்கூட்டமா, நகர மன்றமா? மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் முன் வரும் ஒரு கேள்வி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனை ஒட்டியிருக்கும் புரூக்லைனில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 63,000க்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் அது ஒரு டவுன். அதே மாநிலத்தின் வடமேற்கு மூலையில் மலைகளுக்கு நடுவே இருக்கும் நார்த் ஆடம்ஸின் மக்கள்தொகை அதே கணக்கெடுப்பில் 13,000ஐக்கூட எட்டவில்லை. ஆனால் அது 1895 முதல் ஒரு சிட்டி. எனவே ஒரு டவுன் சிட்டியாக மாற வேண்டுமா என்று அங்கே விவாதம் எழும்போது, அந்த ஊர் பெரிதாகிவிட்டதா என்பதல்ல உண்மையான கேள்வி.

ஆனாலும் விவாதம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. சிட்டியானால் வரி ஏறும் என்பார் ஒருவர்; மாநில அரசின் பணம் கூடுதலாக வரும் என்பார் இன்னொருவர்; மேயர் வந்துவிட்டால் சாலைக் குழிகள் தாமாகவே மூடிக்கொள்ளும் என்ற அளவுக்கு நம்புகிறவர்களும் உண்டு. பாஸ்டன் சுற்றுவட்டாரத்தில் குடியேறி, குடியுரிமை பெற்று, உள்ளூர்த் தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்கப் போகும் தமிழர்களுக்கு இந்தக் குழப்பம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். தமிழ்நாட்டில் பேரூராட்சியை நகராட்சியாகவும் நகராட்சியை மாநகராட்சியாகவும் தரம் உயர்த்துவது மாநில அரசு. மக்கள்தொகையையும் வருவாயையும் பார்த்து அது முடிவெடுக்கிறது. எந்தப் படியில் இருந்தாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்று இருக்கவே செய்யும். மாசசூசெட்ஸில் அப்படிப்பட்ட ஏணி இல்லை. அங்குள்ள 351 டவுன்களும் சிட்டிகளும் ஒரே தளத்தில் நிற்பவை. பள்ளி, சாலை, காவல், தீயணைப்பு என அவை செய்யும் வேலைகளும் ஏறத்தாழ ஒன்றே. அந்த வேலைகளுக்கான முடிவுகளை யார் எடுப்பது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

பொதுக்குழுவும் செயற்குழுவும்

நூறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எண்ணிப் பாருங்கள். பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, மின்தூக்கியை மாற்றுவதா பழுது பார்ப்பதா என்பவற்றை முடிவு செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வீட்டுக்காரர்கள் எல்லோரும் பொதுக்குழுவாகக் கூடி, கணக்கை வரி வரியாகக் கேட்டு, கைதூக்கி முடிவெடுக்கலாம். அல்லது ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து, அடுத்த தேர்தல் வரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று முழு அதிகாரத்தையும் ஒப்படைத்துவிடலாம். இரண்டிலும் காவலாளியும் குழாய் பழுது பார்ப்பவரும் ஒருவராகவே இருக்கலாம். கட்டணமும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் முடிவு பிடிக்காதபோது யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு இரண்டிலும் வெவ்வேறு பதில்கள்.

டவுன் என்பது, தோராயமாகச் சொன்னால், முதல் வழி. சிட்டி என்பது இரண்டாவது. தோராயமாக என்று சொல்லக் காரணம், இரண்டுக்கும் இடையில் ஒரு மூன்றாவது வடிவம் இருப்பதும், சூடான விவாதங்கள் பலவும் அந்த மூன்றாவது வடிவத்தைச் சுற்றியே நடப்பதும்.

ஊர்க்கூட்டம் என்பது ஒரு சட்டமன்றம்

டவுனில் சட்டம் இயற்றும் அவையே டவுன் மீட்டிங் எனப்படும் ஊர்க்கூட்டம். குறைகேட்புக் கூட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றுவது, கடன் வாங்க ஒப்புதல் தருவது, நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற மண்டல விதிகளைத் திருத்துவது, ஊரின் துணைவிதிகளை இயற்றுவது எல்லாம் அந்த அரங்கில் நடக்கும் வாக்கெடுப்பால்தான் செல்லுபடியாகின்றன. திறந்த ஊர்க்கூட்டம் என்ற பழைய வடிவில், பதிவுபெற்ற வாக்காளர் எவரும் உள்ளே சென்று பேசலாம், வாக்களிக்கலாம். 2020இல் 36,000க்கும் அதிகமானோர் வாழ்ந்த ஆண்டோவர் இன்றும் இந்த வடிவத்திலேயே இயங்குகிறது. குடியுரிமை பெறாதவர்கள் வாக்களிக்க முடியாது; கூட்டத்தை நடத்தும் மாடரேட்டர் அனுமதித்தால் பேசலாம்.

கூட்டத்தில் எதைப் பற்றி முடிவெடுக்கலாம் என்பது முன்கூட்டியே அச்சிட்டு அறிவிக்கப்பட வேண்டும். அந்தப் பட்டியலுக்கு வாரன்ட் என்று பெயர். ஆண்டுக் கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாட்களுக்கு முன்பும், சிறப்புக் கூட்டத்துக்குப் பதினான்கு நாட்களுக்கு முன்பும் அது வெளியாக வேண்டும். அதில் இல்லாத பொருளைப் பற்றிக் கூட்டம் முடிவெடுக்க முடியாது. பட்டியலைத் தயாரிப்பது, மூன்று அல்லது ஐந்து பேர் கொண்ட, தேர்ந்தெடுக்கப்பட்ட செலக்ட் போர்டு. ஊரின் நிர்வாகத் தலைமையும் இந்தக் குழுவிடமே இருக்கிறது. அன்றாட வேலைகளுக்குப் பல ஊர்களில் அது ஒரு மேலாளரை நியமித்துக்கொள்கிறது. ஆகவே டவுனில், மேயர் என்று விரல் நீட்டிக் காட்டத்தக்க ஒருவர் கிடையாது.

ஊர்க்கூட்டத்தின் மீது பலர் வைத்திருக்கும் பற்றுக்கு ஒரு சட்ட விதி மிக முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. ஆண்டுக் கூட்டத்தின் வாரன்டில் ஒரு பொருளைச் சேர்க்க, பதிவுபெற்ற பத்து வாக்காளர்களின் கையொப்பம் போதும். சிறப்புக் கூட்டத்தின் பட்டியலில் சேர்க்க நூறு பேர், சிறப்புக் கூட்டம் ஒன்றையே கூட்டச் செய்ய இருநூறு பேர். செலக்ட் போர்டுக்குப் பிடிக்காத பொருளாக இருந்தாலும், முறைப்படி கையொப்பம் வந்துவிட்டால் அது பட்டியலில் ஏறியே ஆக வேண்டும். ஒரு தெருவில் வசிக்கும் பத்துப் பேர் தங்கள் கோரிக்கையை ஊரின் சட்டமன்றத்தில் விவாதத்துக்கு வைக்க முடியும் என்பது சாதாரண உரிமை அல்ல. இந்த விவாதங்களில் மேயர் பதவியைப் பற்றிப் பேசப்படும் அளவில் பாதிகூட இந்த உரிமையைப் பற்றிப் பேசப்படுவதில்லை.

குறையும் வெளிப்படையானதே. கூட்டம் பல மணி நேரம், சில ஊர்களில் பல இரவுகள் நீளும். கைக்குழந்தை உள்ளவர்கள், இரவுப் பணிக்குச் செல்பவர்கள், நடமாட முடியாத முதியோர் ஆகியோரால் எளிதில் வர முடியாது. பதிவுபெற்ற வாக்காளர்களில் மிகச் சிறு பங்கினரே பெரும்பாலும் வருகிறார்கள். குறைந்தபட்ச வருகை எவ்வளவு என்பதை ஊரே தீர்மானித்துக்கொள்ளலாம். அப்படி ஒரு வரம்பே வைத்துக்கொள்ளாத ஊர்களும் உண்டு. எல்லோருக்கும் திறந்திருக்கும் அவை, நேரம் உள்ளவர்களின் அவையாகிவிடுகிறது என்ற குற்றச்சாட்டு இதிலிருந்துதான் பிறக்கிறது.

நடுவில் நிற்கும் மூன்றாவது வடிவம்

பல்லாயிரம் வாக்காளர்களை ஓர் அரங்கில் அடைக்க முடியாது என்ற நிலையில், 1915இல் புரூக்லைன் ஒரு மாற்றைக் கொண்டுவந்தது. ஊரை வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரமும் தன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து ஊர்க்கூட்டத்துக்கு அனுப்புவது என்பது அந்த ஏற்பாடு. இதுவே பிரதிநிதித்துவ ஊர்க்கூட்டம். மாநில அரசியலமைப்பின்படி 6,000க்குக் குறைவான மக்கள் உள்ள ஊர் இந்த வடிவத்தை ஏற்க முடியாது. 12,000க்குக் குறைவான மக்கள் உள்ள ஊர் நகர ஆட்சி முறையை ஏற்க முடியாது.

இந்த அவைகள் மிகப் பெரியவை. ஃபிரேமிங்ஹாம் டவுனாக இருந்தபோது 18 வட்டாரங்களுக்கு வட்டாரத்துக்குப் பன்னிருவர் என 216 உறுப்பினர்கள். அத்தனை இடங்களுக்குப் போட்டியாளர்கள் கிடைப்பது கடினம். பல இடங்கள் போட்டியின்றியே நிரம்பும், சில நிரம்பாமலும் கிடக்கும். வாக்காளரில் பெரும்பாலோருக்குத் தம் வட்டாரத்தின் பன்னிரண்டு பெயர்களில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது. நேரடியாகக் கைதூக்கும் உரிமை போய்விட்டது. ஆனால் பிடிக்காதவரைத் தோற்கடிக்கும் வாய்ப்பும் முழுமையாக வந்துசேரவில்லை. மூன்று வடிவங்களில் வாதாடி நிலைநிறுத்தக் கடினமானது இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. புரூக்லைன் அதை நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் வைத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: திறந்த ஊர்க்கூட்டத்தில் வாக்காளரே சட்டமியற்றுகிறார், பிரதிநிதித்துவ ஊர்க்கூட்டத்தில் அவர் தேர்ந்தெடுத்த பெரிய அவை அதைச் செய்கிறது, இரண்டிலும் நிர்வாகம் செலக்ட் போர்டிடம் இருக்கிறது, மேயர் இல்லை.

நகர ஆட்சி முறை

நகர ஆட்சி முறையில் ஊர்க்கூட்டம் கலைக்கப்பட்டு, அதன் இடத்தில் நகர மன்றம் அமர்கிறது. மன்றம் பெரும்பாலும் ஒன்பது முதல் பதினைந்து பேர் வரை கொண்ட சிறிய அவை. ஆண்டு முழுவதும் கூடுவது. நிர்வாகத்துக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர். மற்றொன்று, மன்றம் நியமிக்கும், மன்றம் விரும்பினால் நீக்கக்கூடிய தொழில்முறை மேலாளர். ஹார்வர்டு பல்கலைக்கழகம் இருக்கும் கேம்பிரிட்ஜ் இரண்டாவது வகை. அங்கே மேயர் என்ற பெயரில் ஒருவர் இருந்தாலும், மன்ற உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் அவைத் தலைவர்தான் அவர்; நிர்வாகம் மேலாளரிடம் இருக்கிறது. ஆகவே சிட்டி என்றால் மேயர் ஆட்சி என்று எண்ணுவது தவறு.

பெயரும் நம்பத்தக்க அடையாளம் அல்ல. நகர ஆட்சி முறையை ஏற்ற பின்பும் பழைய பெயரின் மேலுள்ள பற்றால் டவுன் என்றே தம்மை அழைத்துக்கொள்ளும் ஊர்கள் அங்கே ஒரு டஜன் அளவில் இருக்கின்றன. வாட்டர்டவுன் பல ஆண்டுகள் "வாட்டர்டவுன் டவுன் என்று அறியப்படும் சிட்டி" என்ற விசித்திரமான சட்டப் பெயரோடு வாழ்ந்து, 2021இல் வாக்களித்து அதைக் கைவிட்டது.

பணத்தின் மீது யாருக்குக் கை இருக்கிறது

வடிவ மாற்றத்தின் எடை உண்மையில் தெரியும் இடம் வரவுசெலவுத் திட்டம். டவுனில் நிதிக்குழு தன் பரிந்துரையை முன்வைக்கிறது. ஊர்க்கூட்டம் அதை அப்படியே ஏற்கலாம், ஒரு துறையில் வெட்டலாம், வேறொரு துறைக்குக் கூட்டலாம். நூலகத்துக்குக் கூடுதல் பணம் வேண்டுமென்று அரங்கில் ஒருவர் திருத்தம் கொண்டுவந்து, பெரும்பான்மையைத் தன் பக்கம் இழுத்தால், ஊரின் வரி வரம்புக்குள் இருக்கும்வரை அது நிறைவேறிவிடும்.

மேயர் உள்ள சிட்டியில் நிலைமை வேறு. மாநிலச் சட்டப்படி திட்டத்தை மேயர் சமர்ப்பிக்கிறார்; மன்றம் எந்தத் தொகையையும் குறைக்கலாம் அல்லது மறுக்கலாம், ஆனால் பொதுவாக மேயரின் பரிந்துரையின்றிக் கூட்ட முடியாது. அதாவது நூலகத்துக்குப் பணம் கேட்டுப் பதினோரு மன்ற உறுப்பினர்களிடம் போனாலும், அவர்கள் அனைவரும் உங்கள் பக்கம் இருந்தாலும், இறுதியில் மேயரின் மனம் மாறினால்தான் காரியம் நடக்கும். மன்றம் இயற்றும் விதிகளை மேயர் மறுக்கவும் முடியும். அந்த மறுப்பை மீற மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு தேவைப்படுவது வழக்கம்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பள்ளிக் கூரை ஒழுகினால், டவுனில் செலக்ட் போர்டு நிதிக்குழுவைக் காட்டும், நிதிக்குழு ஊர்க்கூட்டத்தைக் காட்டும், ஊர்க்கூட்டத்தின் உறுப்பினரோ ஊரின் பாதி. சிட்டியில் தப்பிக்க வழி குறைவு. ஒருவரிடம் அதிகாரம் குவிகிறது என்ற அச்சமும், ஒருவரைப் பொறுப்பாக்க முடிகிறது என்ற நிறைவும் ஒரே விதியிலிருந்து வருபவை.

அதிகம் பேசப்படாத இன்னொரு வேறுபாடும் உண்டு. டவுன் இயற்றும் துணைவிதிகளை மாநிலத்தின் தலைமை வழக்குரைஞர் அலுவலகம் ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும். சிட்டியின் விதிகளுக்கு அந்தச் சோதனை இல்லை.

இரண்டு ஊர்கள், இரண்டு வழிகள்

1700இல் டவுனாக அமைக்கப்பட்ட ஃபிரேமிங்ஹாம், 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 68,000 மக்களைத் தாண்டி, மாநிலத்தின் மிகப் பெரிய டவுனாக இருந்தது. நகர ஆட்சிக்கு மாறும் முயற்சிகள் அங்கே முன்பும் தோற்றிருந்தன. 2017 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில், பதினோராயிரத்துச் சொச்சம் வாக்குகளில் நூறை ஒட்டிய வித்தியாசத்தில் மாற்றம் வென்றது. 2018 ஜனவரி 1 முதல் அது மேயரும் பதினோரு பேர் கொண்ட மன்றமும் உள்ள சிட்டி. முதல் மேயராக இவான் ஸ்பைசர் தேர்ந்தெடுக்கப்பட்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் 2021 தேர்தலில் வாக்காளர்கள் அவரை மாற்றி சார்லி சிசிட்ஸ்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு நிர்வாகங்களில் எது சிறந்தது என்பது இங்கே பொருள் அல்ல. 216 உறுப்பினர் அவையில் ஒரே தேர்தலில் இப்படிக் கணக்குத் தீர்க்க இயலாது என்பதைக் கவனித்தால் போதும்.

ஆம்ஹர்ஸ்ட் வேறு வழியில் சென்றது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் இருக்கும் இந்த ஊரில், மேயர் முறைக்கு மாறும் யோசனை 2003இல் வெறும் 14 வாக்குகளில் தோற்றது. 2005இல் மீண்டும் தோற்றது. 2016இல், ஊரின் ஆட்சி அமைப்பை வகுத்து எழுதும் சாசன ஆணையம் ஒன்று மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது, புதிய தொடக்கப் பள்ளிக் கட்டடம் பற்றிய பிரச்சினை வெடித்தது. அதற்கான வரியை வாக்காளர்கள் 2016 நவம்பரில் வாக்குச்சீட்டில் ஏற்றார்கள். ஆனால் கடன் வாங்குவதற்கு ஊர்க்கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை, அது கிடைக்கவில்லை. 2017 ஜனவரியில் மறுமுறை வாக்கெடுத்தபோதும் கிடைக்கவில்லை. மாநிலத்திலிருந்து வரவிருந்த பெருந்தொகை கைநழுவிப் போயிற்று. ஊர்க்கூட்டம் மக்களின் தீர்ப்பை மதிக்கவில்லை என்றது ஒரு தரப்பு. குறைபாடுள்ள திட்டம் ஒன்றை நிதானமாகச் சிந்தித்துத் தடுத்தது என்றது மறுதரப்பு. இரண்டு தரப்பும் தங்கள் வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டியது ஒரே நிகழ்ச்சியைத்தான்.

2018 மார்ச் வாக்கெடுப்பில் நகர ஆட்சி முறை தெளிவான பெரும்பான்மை பெற்றது. ஆயினும் ஆம்ஹர்ஸ்ட் மேயரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பதின்மூன்று பேர் கொண்ட மன்றம், அதன் கீழ் ஒரு மேலாளர் என்பதே அதன் ஏற்பாடு. பெயரும் டவுன் ஆஃப் ஆம்ஹர்ஸ்ட் என்றே நீடிக்கிறது. புதிய பள்ளிக்கான வரியை வாக்காளர்கள் 2023 மே மாதத்தில் ஏற்றார்கள். வடிவம் மாறியதால்தான் அது நடந்தது என்று நிறுவ முடியாது. இடையே திட்டமும் மாறியிருந்தது.

வரி பற்றிய அச்சம்

சிட்டியானால் சொத்து வரி கூடும் என்பதற்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. 1980இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய, இரண்டரை விழுக்காட்டு விதி என்று அறியப்படும் சட்டம், ஓர் ஊர் திரட்டும் மொத்தச் சொத்து வரி ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது என்கிறது. புதிய கட்டடங்களால் வரும் வரி மட்டும் இதற்கு வெளியே. வரம்பை மீற வேண்டுமென்றால் வாக்குச்சீட்டில் மக்களின் ஒப்புதல் வேண்டும். டவுனுக்கும் சிட்டிக்கும் இந்த விதி ஒன்றே. பள்ளிகளுக்கு மாநிலம் தரும் நிதியின் கணக்கீடும் ஊரின் ஆட்சி வடிவத்தைப் பார்ப்பதில்லை. மேயருக்கும் அவர் அலுவலகத்துக்கும் சம்பளச் செலவு புதிதாக வரலாம் என்பது உண்மை. ஊரின் மொத்தச் செலவில் அதன் பங்கு மிகச் சிறியது.

மாற்றம் எப்படி நடக்கிறது

1821 வரை மாசசூசெட்ஸில் சிட்டி என்ற ஏற்பாடே இல்லை. 43,000 மக்களைக் கொண்டிருந்த பாஸ்டன்கூட ஊர்க்கூட்டத்தாலேயே ஆளப்பட்டது. அரசியலமைப்புத் திருத்தம் ஒன்று வழிவிட்ட பிறகு 1822இல்தான் அது சிட்டியானது. இன்று நடைமுறையில் இருப்பது 1966ஆம் ஆண்டின் தன்னாட்சித் திருத்தம். ஓர் ஊரின் அமைப்புச் சட்டத்துக்குச் சாசனம் என்று பெயர். அதை ஊரே எழுதிக்கொள்ள அந்தத் திருத்தம் வழி செய்தது.

ஊரின் வாக்காளர்களில் 15 விழுக்காட்டினர் கையொப்பமிட்டால், சாசன ஆணையம் அமைக்கலாமா என்ற கேள்வி வாக்குச்சீட்டில் வரும். அதே தேர்தலில் ஆணையத்தின் ஒன்பது உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஆணையம் பொது விசாரணைகள் நடத்தி, சாசனத்தின் வரைவை வெளியிட்டு, பதினெட்டு மாதங்களுக்குள் இறுதி அறிக்கை தர வேண்டும். அந்தச் சாசனம் மீண்டும் வாக்குச்சீட்டுக்கு வந்து, எளிய பெரும்பான்மையில் வெல்லவோ தோற்கவோ செய்யும். ஊர்க்கூட்டமே மாநிலச் சட்டமன்றத்திடம் தனிச்சட்டம் கோருவது இன்னொரு வழி.

முதல் வாக்கெடுப்பையும் இரண்டாவதையும் ஒன்றாக எண்ணுவது அடிக்கடி நேரும் தவறு. ஆணையம் அமைக்க ஆம் என்று வாக்களிப்பது நகர ஆட்சிக்கு ஆம் என்பதாகாது. ஆணையம் ஊர்க்கூட்டத்தையே சீர்திருத்தி வைத்துக்கொள்ளவும் பரிந்துரைக்கலாம். எந்த வகை நகர ஆட்சி என்பதும் அந்த ஒன்பது பேர் எழுதும் வரைவில்தான் முடிவாகும். எனவே இரண்டாவது வாக்கெடுப்புக்கு முன் படிக்க வேண்டியது சாசனத்தின் வரைவையே. மேயரா மேலாளரா, அவருடைய பதவிக்காலம் எத்தனை ஆண்டு, துறைத் தலைவர்களை அவர் நியமிக்கும்போது மன்றத்தின் ஒப்புதல் தேவையா, மன்ற இடங்களில் எத்தனை வட்டார இடங்கள், எத்தனை ஊர் முழுமைக்குமானவை, பழைய பத்துக் கையொப்ப உரிமைக்கு மாற்றாக மனுச் செய்யும் வழி ஏதும் தரப்பட்டிருக்கிறதா, தரப்பட்டிருந்தால் அதற்கு எத்தனை கையொப்பங்கள் என்று அதில் தேட வேண்டும். கடைசியாகச் சொன்ன எண், சாசனத்துக்குச் சாசனம் மாறும்.